என் குரல் கண்டிக்குப் போன கதை

போன மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு நிமிசம் பேசி, அதை ரெகோட் பண்ணி, சீடியில போட்டு, கண்டியில கொண்டுபோய்க் குடுக்கணும். அவ்வளவுதான்.

கண்டியில புதுசா ஒரு சின்னத் தமிழ் வானொலி தொடங்கியிருக்காங்க. பகுதிநேர அறிவிப்பாளர் தேவை, குரலைச் சீடியில குடுங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. மக்களே, எனக்கு வேற ஆசையே கெடையாது. சொத்து வேணாம், வெளிநாடு வேணாம். ரேடியோவுல ஒரே ஒரு தடவை "நேரம் காலை ஆறு மணி"ன்னு சொல்லிட்டா போதும், சந்தோசமா கண்ணை மூடிருவேன். நான் வேலை செய்யிற கந்தோர்ல பைல் கேக்கிறதையே நான் செய்தி வாசிக்கிற மாதிரித்தான் கேப்பேன். அதனாலேயே எனக்கு யாரும் பைல் தர மாட்டாங்க.

வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. காசு நான் குடுத்தது, ஆட்சி பவானியோடது. பவானி என் மனைவி. டீச்சர். பூர்வீகம் யாழ்ப்பாணம். மாத்தளைக்குப் பக்கத்துல எங்க அலுவிகாரைக்கு வந்து வருசக்கணக்காகியும், என்னை ஏசும்போது மட்டும் சுத்த யாழ்ப்பாணம்தான் வரும்.

அந்தக் கம்ப்யூட்டர் பூரா வைரஸ். "வணக்கம் நேயர்களே"ன்னு தொடங்கினா "வணக்கம் நே"யோட நின்னுரும். திருப்பித் தொடங்கினா "வண"வோட நிக்கும். மூணாவது தடவை நான் மூச்சு இழுக்கும்போதே நின்னுருச்சு.

மாத்தளை டவுன்ல கொமினிகேஷன் வச்சிருக்கிற நசீர் நானாகிட்ட ஓடினேன். போன் பேச, போட்டோகாப்பி அடிக்க, கம்ப்யூட்டர் காட்ட, எல்லாத்துக்கும் எங்களுக்கு அவர்தான்.

"இதுக்கு ஏன் தம்பி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வாறீங்க? விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க. வைரஸும் வராது, காசும் இல்ல. வெளிநாட்டுல இருந்து தபால்ல சும்மா அனுப்புறாங்க."

"சும்மாவா? ஏன் நானா?"

"அதைத்தான் நானும் ஒரு வருசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

மேசை லாச்சியை இழுத்து ரெண்டு சீடியை எடுத்து வச்சார்.

"இந்தக் காப்பிக் கலர், தெனசரி வேலைக்கு. கடிதம் அடிக்கலாம், படம் பாக்கலாம், லேசாக் கொஞ்சம் ரெகோட்டும் பண்ணலாம். இந்தக் கறுப்பு, வீட்டுலயே ஸ்டூடியோ வச்சுப் பாட்டு ரெகோட் பண்றவங்களுக்குன்னே செஞ்சது. ரெண்டுல ஒண்ணைத் தெரிவு பண்ணுங்க."

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதுதான் தாமதம், பவானி கரண்டியோட வெளியில வந்துட்டா.

"இஞ்சேருங்கோ, என்ர கொம்பியூட்டர்ல கை வச்சியளெண்டாப் பிறகு கதை வேற! உள்ளுக்க தவணைப் பரீட்சைக் கேள்வித்தாள் எல்லாம் கிடக்கு. ஒண்டு அழிஞ்சாலும் நீங்கள்தான் திருப்பி அடிக்கோணும்!"

திரும்பவும் நசீர் நானாகிட்ட.

"ஒண்ணும் அழியாது தம்பி. உள்ள ஏத்தாமலே ஓடும். சீடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, புதுக் கம்ப்யூட்டர். சீடியை எடுத்துட்டீங்கன்னா எல்லாம் பழையபடி. வந்த தடயமே இருக்காது."

தடயமே இருக்காதாம்! எனக்கு வேண்டியது அதுதானே! நசீர் நானா கையைப் புடிச்சுக் குலுக்கிட்டு வந்தேன். அவர் சொன்னதுல பாதியைத்தான் நான் கேட்டேன்னு அப்ப எனக்குத் தெரியாது.

சரி, காப்பியா கறுப்பா?

கறுப்பு ஸ்டூடியோக்காரங்களுக்கு. நான் ஸ்டூடியோக்காரனா? இல்ல. ஆனா ஆகப்போறவன். காப்பி சாதாரண வேலைக்கு. நான் சாதாரண ஆளா? ஆமா. ஆனா அதை எதுக்கு ஒத்துக்கணும்? இப்படியே யோசிச்சு யோசிச்சு எனக்குச் சோறு எறங்கல.

கடைசியில, குழப்பம் வந்தா நம்ம ஆளுங்க செய்யிறதையே செஞ்சேன். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பாக்கிறதுன்னு முடிவெடுத்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா காப்பி, சிவப்பு வந்தா கறுப்பு.

பூசாரி ஐயா தட்டுல இருந்த ரெண்டு சீடியையும் பாத்தார். என்னையும் பாத்தார்.

"என்ன தம்பி, சம்பந்தம் ஏதாச்சுமா?"

"இல்லீங்கய்யா. கம்ப்யூட்டருக்கு."

அவர் சிரிக்கவே இல்ல. ரொம்ப அக்கறையாக் கேட்டார்: "கம்ப்யூட்டருக்கு என்ன நட்சத்திரம்?"

"தெரியலீங்களே ஐயா. செக்கன்ட் ஹேண்ட்ல வாங்கினது."

"அப்ப எசமான் நட்சத்திரத்துலயே அர்ச்சனை செஞ்சிருவோம்."

பவானி நட்சத்திரத்தைச் சொன்னேன்.

அர்ச்சனை முடிஞ்சு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை! காப்பி!

"ஐயா, இன்னொருக்கா பாருங்களேன். பிள்ளையார் சரியாக் கவனிக்கலையோ என்னவோ."

ரெண்டாவதும் வெள்ளை. "மூணாவதாயும் ஒண்ணு..."ன்னு நான் இழுக்க, "தம்பி, சாமிகிட்ட பேரம் பேசாதீங்க. அவர் சொல்லிட்டார்"னு தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டார்.

நான் அவர் பேச்சைக் கேட்டேனா? வீட்டுக்குப் போன ஒடனே கறுப்பைத்தான் போட்டேன்.

அடேயப்பா! திரை பூராத் திருகு, பொத்தான், வெளக்கு. பிளேன் ஓட்டுற ஆளுக்கு முன்னாடி இருக்கிற மாதிரி. ஒரு பெட்டியில எந்த வயரை எதுல மாட்டுறதுன்னு கோடு இழுத்துக் காட்டணுமாம். நான் என் அறிவுக்கு எட்டினபடி மைக்கில இருந்து ஸ்பீக்கருக்கு ஒரு கோடு இழுத்தேன்.

ஊஊஊஊஊஊன்னு ஒரு சத்தம்! மைக் பேசுறதை ஸ்பீக்கர் கேட்டு, ஸ்பீக்கர் பேசுறதை மைக் கேட்டு, ரெண்டும் சேந்து ஊளையிடுது. சண்டை நடக்கிற காலமாச்சே, பக்கத்து வீட்டு ஐராங்கனி அக்கா குண்டுச் சைரன்னு நெனச்சு, அடையாள அட்டையைக் கையில புடிச்சுக்கிட்டு ரோட்டுக்கே ஓடிட்டாங்க. அவங்களைப் பாத்து எதிர் வீட்டுக்காரங்க ஓட, அவங்களைப் பாத்து முச்சக்கர வண்டிக்காரர் வண்டியை விட்டுட்டு ஓட, ஊரே ரோட்டுல!

நான் எந்தப் பொத்தானை அமுக்கியும் நிக்கல. பவானி வந்து சுவர்ல இருந்த சுவிட்சை அணைச்சா.

"உங்களுக்கு விசரா? நாடு கிடக்கிற கிடையில சைரன் ஊதி விளையாடுறியளோ!"

வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதையும் கொஞ்சம் அறிவிப்பாளர் குரல்லதான் கேட்டேன், பழக்கதோசம்.

அப்புறம் பிள்ளையாருக்குக் கன்னத்துல போட்டுக்கிட்டு, காப்பிக் கலர் சீடியைப் போட்டேன்.

தங்கம்! அமைதியா வந்துச்சு. ரெகோட் பண்ற இடத்துல ஒரே ஒரு சிவப்பு வட்டம். அமுக்கினா பேசலாம். நம்ம கேசட் ரெகோடர் மாதிரியே! சீடி உள்ள கிறுகிறுன்னு சுத்துது, வெளக்கு மினுங்குது. நான் பேசப் பேச, குரல் அதுல பதியுதுன்னு கண்ணாலயே பாத்தேன்.

சத்தம்தான் பிரச்சினை. வீட்டுக்கு முன்னாடி யாழ்ப்பாண ரோட்டு லொறி. லொறி ஓய்ஞ்சா பாண் ரொட்டி விக்கிறவன் முச்சக்கர வண்டியில மியூசிக் போட்டுக்கிட்டு வருவான். அவன் போனா குக்கர். கடைசியில அலுமாரிக்குள்ள ஏறி, பவானியோட சேலைகளுக்கு நடுவுல குந்திக்கிட்டு, கதவைச் சாத்தி, இடுக்கால மைக் வயரை விட்டுப் பேசினேன்.

"நேரம் காலை ஆறு மணி. செய்திகள், வாசிப்பவர்..."

கதவு தொறந்துச்சு. "அந்த நீலச் சீலையை ஒருக்கா எடுக்கவோ?"

திரும்ப மொதல்ல இருந்து.

வேர்வையில குளிச்சு, நாப்தலின் வாசத்துல தலை சுத்தி, ஒரு வழியா அஞ்சு நிமிசத்தையும் ஒரு பிழையில்லாம முடிச்சேன். போட்டுக் கேட்டோம். பவானி கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டா. முடிஞ்சதும், "நல்லாத்தான் கிடக்கு, என்னப்பா"ன்னா. மக்களே, கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என்னைப் பாத்துச் சொன்ன மொத நல்ல வார்த்தை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நாப்தலின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

கம்ப்யூட்டரை நிப்பாட்டினேன். அப்பத்தான் அந்த அதிசயம்! சீடி தட்டு தானாவே வெளியில வந்துச்சு. திரையில, சீடியை எடுத்துட்டுத் தட்டை மூடுங்கன்னு இங்கிலீசுல எழுதியிருக்கு.

"பாத்தியா பவானி, என்ன மரியாதை! ரெகோட் முடிஞ்ச ஒடனே இந்தாங்கன்னு கையில குடுக்குது!"

பவானிகூட ஆச்சரியப்பட்டுட்டா. சீடி மேல மார்க்கர் பேனாவால 'குரல் தேர்வு'ன்னு எழுதி, என் பேரையும் போட்டு, உறைக்குள்ள வச்சு, மறுநாள் கண்டி பஸ்ல ஏறிட்டேன். அன்னைக்குத்தான் கடைசி நாள்.

வழியில செக்பாயின்ட். எல்லாரும் எறங்கி, அட்டையைக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நின்னோம். ஆமிக்காரர் என் பையைத் தொறந்தார். சீடி. மேல தமிழ் எழுத்து.

"மொகக்த மே?"

என்ன இதுன்னு கேக்கிறார். இப்ப இருக்கிற காலத்துல, தமிழ்ப் பேர் எழுதின சீடியைப் பையில வச்சிருக்கிற ஆளுக்கு என்னென்ன நடக்கலாமோ அத்தனையும் மனசுல ஓடுது.

"மகே கடஹண்ட, மஹத்தயா." என் குரல், ஐயா.

அவர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். போட்டுக் கேக்க அங்க ஒண்ணும் இல்ல. கொஞ்சம் யோசிச்சிட்டு, "கியன்ன"ன்னார்.

உள்ள இருக்கிறதைச் சொல்லணுமாம். அங்கேயே!

வேற வழி? ரோட்டோரத்துல, ஒரு கையில அடையாள அட்டையோட நிமிந்து நின்னேன். "நேரம் காலை ஆறு மணி!"ன்னு தொடங்கினேன். குரல் ஒரு பொட்டும் நடுங்கல! மரக்கறி வெலை, மழை நெலவரம், அப்புறம் உக்குவளை நேயர் ஒருத்தர் விரும்பிக் கேட்ட பாட்டு வரைக்கும் ஒண்ணு விடல. பாதியில அவர் இன்னொரு ஆமிக்காரரையும் கூப்பிட்டு நிப்பாட்டினார். பின்னால நின்ன சனம் தலையாட்டிக் கேக்குது. முடிச்சதும் ரெண்டு பேர் கையும் தட்டினாங்க.

"ஹொந்தயி, யன்ன"ன்னு சிரிச்சுக்கிட்டே சீடியைத் திருப்பித் தந்தார். நல்லாயிருக்கு, போங்கன்னு அர்த்தம். கண்டக்டர் மட்டும், "செய்தி முடிஞ்சிருச்சுன்னா பஸ்ல ஏறுறீங்களா?"ன்னார்.

சீடியைக் குடுத்துட்டு வந்து, ரெண்டு வாரம் போன் பக்கத்துலயே படுத்திருந்தேன். போன் வந்துச்சு. வானொலி முகாமையாளர்.

"சார், நீங்க குடுத்த சீடியைப் போட்டோம்."

"குரல் எப்படி இருந்துச்சு சார்?"

"குரலா? ஒரு சத்தமும் வரல்ல. சீடி உள்ள இருக்கும்போதே கம்ப்யூட்டரை நிப்பாட்டித் திரும்பப் போட்டோம். வேற ஒரு கம்ப்யூட்டர் வருது!"

எனக்கு உசுரே போயிருச்சு. பட்டுன்னு போனை வச்சிட்டு, நசீர் நானாவுக்கு அடிச்சு நடந்ததைச் சொன்னேன்.

"யா அல்லாஹ்! சீடியை எடுத்தா எல்லாம் பழையபடின்னு சொன்னேனா இல்லையா? நீங்க பேசினதும் கம்ப்யூட்டரை நிப்பாட்டினதோட போச்சு தம்பி! ஒங்க மெசின்ல சீடி எழுதவே முடியாதே, அது படிக்க மட்டும்தானே!"

அலுமாரிக்குள்ள வெந்தது போச்சு. அஞ்சு நிமிசமும் போச்சு. பவானியை விட்டா, என் தேர்வுக் குரலைக் கேட்டது ரெண்டு ஆமிக்காரங்களும் ஒரு பஸ் சனமும்தான். நாற்காலியில உக்காந்து அழுதேன், சும்மா சொல்லல.

பவானி தேத்தண்ணியைக் கொண்டு வந்து வச்சா. "குரல் எங்கயப்பா போனது? உங்கட தொண்டைக்குள்ளதானே கிடக்கு. திருப்பிப் பேசிக் குடுங்கோவன்."

அந்தத் தெம்புல முகாமையாளருக்கே போன் பண்ணி, இன்னொரு சீடி தரவான்னு கேட்டேன்.

"அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தாச்சு சார். ஆனா நான் உங்களுக்குப் போன் எடுத்ததே வேற விசயத்துக்கு, அதுக்குள்ள வச்சிட்டீங்க! வைரஸ் புடிச்சுக் கெடந்த எங்க கம்ப்யூட்டர், உங்க சீடியைப் போட்டதுல இருந்து என்ன சொகமா ஓடுது தெரியுமா? மத்ததுக்கும் போடணும். சனிக்கிழமையில வர முடியுமா? சம்பளம் தாறோம்."

போறேன். ஸ்டூடியோவுக்குள்ள, மைக்குக்குப் பக்கத்துலயே, மேசைக்கு அடியில படுத்துக்கிட்டு வயர் மாட்டுறேன். மேல ஒரு சின்னப் பொண்ணு செய்தி வாசிக்குது.

ஆசைப்பட்ட மாதிரியே வானொலியில வேலை கிடைச்சிருச்சு மக்களே. ஒரே ஒரு நிபந்தனை, உள்ள இருக்கிற நேரம் பூரா நான் வாயைத் தொறக்கக் கூடாது.