துனீசியக் கரையில் ஒரு வெள்ளைக் கார்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லித்தான் நான் சிசிலியில், பலேர்மோவில் சோறு தின்றேன். சமைக்கத் தெரியுமா? ஓம். இஸ்திரி போடத் தெரியுமா? ஓம். (சில சட்டைகள் எரிந்தன.) கார் ஓடத் தெரியுமா என்று கேட்டபோதும் ஓம் என்றேன். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

கேட்டவர் பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலைசெய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா. எழுபத்தெட்டு வயது விதவை. சிசிலிய மீனவர்கள் துனீசியாவில் குடியிருந்த காலத்தில் அங்கே பிறந்தவர். வடகரையில் யாருமில்லாத ஒரு குடாவில் இருக்கும் தாயின் கல்லறையைச் சாவதற்குமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நான் கூடப் போகிறேன் என்றதும்தான் மகள் சம்மதித்தார். என்னிடம் இருந்த இலங்கை லைசென்ஸ் உழவு இயந்திரத்துக்கானது. சிங்களத்தில் இருந்ததால் எவரும் அதை வாசிக்கவில்லை.

கப்பலில் சிஞ்ஞோராவின் வெள்ளைக் காரையும் ஏற்றிக்கொண்டு போய் தூனிஸ் துறைமுகத்தில் இறங்கினோம். நகரம் முடிந்ததும் சனம் குறைந்தது. பிறகு இல்லவே இல்லை. ஒருபக்கம் பற்றைக்காடு, மறுபக்கம் கடல். கடை இல்லை, குப்பை இல்லை, மணலில் காலடிகூட இல்லை. அவ்வளவு அழகான கரையை நான் அதன்பிறகும் கண்டதில்லை. இருந்த சனமெல்லாம் எழும்பிப் போனதால் வந்த அழகு அது என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது. (முழு வழியும் இரண்டாம் கியரிலேயே போனதால் யோசிக்க நிறைய நேரம் இருந்தது.)

பாதை முடிந்த இடத்தில், கடலுக்குள் நீண்டிருந்த முனையைக் காட்டி, அதைத் தாண்டினால் சரி என்றார் சிஞ்ஞோரா. அவரால் நடக்க இயலாது. காரை மணலில் இறக்கினேன். சில்லுப் புதைந்தது. வயல் சேற்றில் செய்வதுபோல முழுப்பலத்தோடு மிதித்தேன். கார் வயிறுவரை இறங்கிக் குந்திக்கொண்டது. மத்தியானம் காற்று எழும்பியது. அலை முதலில் கதவைத் தட்டியது. பிறகு கேட்காமலே உள்ளே வந்தது.

சிஞ்ஞோராவைத் தூக்கிப் பாறையில் இருத்திவிட்டு, அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். (கதைத்தது இத்தாலியனில். நினைவில் இருப்பது எங்கள் தமிழில்.)

"சிஞ்ஞோரா, எனக்குக் கார் ஓடத் தெரியாது."

"கப்பலாலை இறங்கேக்கையே தெரிஞ்சுது," என்றார். "எனக்கும் வழி தெரியாது. இஞ்சையிருந்து போகேக்கை எனக்கு ஆறு வயசு."

நான் ஓடிப்போய் அந்த முனைக்கு அப்பால் பார்த்தேன். இன்னொரு முனை இருந்தது.

ஆடு மேய்த்த ஒருவர் போய் உழவு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் இழுவைப் பெட்டியில், வெங்காயச் சாக்குகளின் மேல், கறுப்புக் கோட்டோடு நிமிர்ந்து இருந்தபடி சிஞ்ஞோரா திரும்பினார். கல்லறையில் ஏற்றக் கொண்டுவந்த மெழுகுதிரி கைப்பைக்குள்ளேயே இருந்தது. கார் அங்கேயே நின்றுவிட்டது.

பலேர்மோ துறைமுகத்தில் மகள் நின்றார்.

"அம்மா, கார் எங்கை?"

"வித்துப்போட்டன்," என்றார் சிஞ்ஞோரா, என்னைப் பார்க்காமல்.

அடுத்த மாரிக்குள் அவர் செத்துப்போனார். அந்தக் கல்லறையை அவர் காணவேயில்லை.

நான் கதையைச் சொன்னபிறகு, பலேர்மோவில் எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் தங்கிவிட்டது. கோப்பை உடைந்தால் "வித்தாச்சு." பஸ்ஸில் குடையை விட்டால் "வித்தாச்சு." பிள்ளைகள் சிசிலிக்காரர் மாதிரிக் கையை விரித்துச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. ஷெல் விழுந்து அங்கே எங்கள் ஊர்வீடு தரைமட்டமாம். மனைவி கடிதத்தை மடித்தாள்.

"பிள்ளையள் கேட்டால் வித்தாச்செண்டு சொல்லுங்கோப்பா."

கேட்டார்கள். சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.