அரைப்பேர் பகிடி

மனிதர்களில் இரண்டாம் தடவைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தாம் சொன்ன பகிடிக்குச் சிரிப்பு வராவிட்டால், பகிடியில் குறை இருக்கலாம் என்று இவருக்குத் தோன்றவே தோன்றாது. கேட்டவர்களின் காதில் குறை என்று முடிவு செய்து, கொஞ்சம் உரக்க மறுபடி சொல்வார். அப்போதும் சபை சும்மா இருந்தால்? பாவம், விளங்கவில்லை போலும் என்று மனமிரங்கி, விளக்கத்தோடு மூன்றாம் தடவை சொல்வார். கல்யாணப் பந்தியில் இவரைப் பார்த்திருப்பீர்கள். கந்தோரில் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற ரயிலில், இறங்க வழியில்லாமல் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால், அவருக்குச் சங்கீத நாடகத்தில் சிரிப்புப் பாத்திரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பதுளைக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்த கனகசுந்தரத்துக்கு அப்படிக் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் சேர்ந்து நடத்திய நாடக சங்கத்தில் அவர்தான் நிரந்தர அரண்மனைக் காவலன். ஆடிக்கொண்டே வந்து, பாட்டை நடுவில் நிறுத்தி, சபையை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு மூச்சு விட்டு, அதன் பிறகு பகிடியைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சாஸ்திரம். பகிடி முடிந்ததென்று சபைக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத் தபேலாக்காரர் புஹாரியிடம் ஒரு 'தும்' கேட்டு வாங்கியிருந்தார். கடைவீதியில் தையற்கடை வைத்திருந்த புஹாரியும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் 'தும்' கொடுத்தார். தபேலா ஒலித்தது. வேறு ஒன்றும் ஒலிக்கவில்லை.

வீட்டில் ஒத்திகைக்கு மனைவி சரோஜாதேவி இருந்தார்.

"இஞ்சாருங்கோ, உதை முந்தநாளும் சொன்னனீங்கள்."

"அப்ப ஏன் முந்தநாள் சிரிக்கேல்லை?"

"முந்தநாளும் விளங்கினதுதான்."

இப்படி மூன்று நாடகங்கள் போயின. சங்கத்துச் செயலாளர் பத்மநாதன் மாஸ்டர் பொறுமைசாலி. ராணி வேஷம் அவருடையது. இறந்த பிள்ளையை மடியில் போட்டு அவர் பாடும் ஒப்பாரிக்கு அழாத பெண்கள் பதுளையில் இல்லை. நான்காவது நாடகம் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அம்மன் திருவிழாவுக்கு என்று ஏற்பாடானபோது, அவர் கனகசுந்தரத்தைத் தனியே அழைத்தார்.

"கனகர், இதுவரைக்கும் சபையிலை ஒரு பல்லுத் தெரியேல்லை. பூனாகலையிலும் சிரிப்பு வராட்டி, அடுத்த நாடகத்திலை நீர் ஈட்டி பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். வாய் திறக்கிற வேலை இல்லை."

வாய் திறக்காத வேலை! கனகசுந்தரத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கவலையோடு பஸ்ஸில் போகையில்தான், முன் சீட்டில் இருந்த தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ, அரைப்பேர்தான் விழும். கனகசுந்தரம் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டார். பகிடி பிறந்துவிட்டது.

திருவிழா இரவு. மேடைக்கு முன்னால், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு நாற்காலி. பக்கத்தில், நடப்பதை ஆங்கிலத்தில் சொல்ல, தோட்டத்துப் பெரிய கிளாக்கர். பின்னால், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இருந்த அத்தனை பேரும். மகாராஜா மீசையை முறுக்கி, "காவலா, நாட்டில் என் பேர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

கனகசுந்தரம் பாட்டை நிறுத்தினார். ஓரக்கண்ணால் பார்த்தார். மூச்சு விட்டார்.

"அரைப்பேர்தான் மகாராஜா. பெரட்டுக்குப் பிந்தி வந்தீர்களாம்."

தும்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அது நல்ல பகிடி. அவர் வாழ்நாளில் சொன்ன முதல் நல்ல பகிடி. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அரைப்பேர் போடுகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு யார் சிரிப்பது? இது கனகசுந்தரத்துக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சபைக்குக் கேட்கவில்லை.

உரக்கச் சொன்னார். தும். சபையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் தடவை, பேர் என்றால் புகழ், பேர் என்றால் நாட்சம்பளமும் என்று விரலை மடக்கி விளக்கத் தொடங்கினார். புஹாரி தபேலாவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும் ஐயா, உள்ள போங்க. புள்ள செத்துக் கெடக்கு" என்று சபையிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்.

கனகசுந்தரம் திரைக்குப் பின்னால் போய் ஈட்டியைப் பார்த்தபடி நின்றார். மேடையில் பத்மநாதன் மாஸ்டர் இளவரசனை மடியில் போட்டு, "மகனே" என்று முதல் அடியை இழுத்தார்.

அந்த நேரம் துரை பெரிய கிளாக்கர் பக்கம் திரும்பி, காவலன் அத்தனை தரம் என்ன சொன்னான் என்று கேட்டார். பெரிய கிளாக்கர் பிள்ளைகுட்டிக்காரர். அரைப்பேரை மொழிபெயர்க்க அவருக்கு என்ன விசரா? "அது சிரிக்க வேண்டிய இடம், துரை" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். துரை நல்ல மனிதர். உடனே சிரித்தார்.

துரை சிரித்ததுதான் தாமதம். மூன்று தடவையும் அடக்கிவைத்த சிரிப்பு முழுவதும் ஒரேயடியாக உடைந்தது. ஒப்பாரி மூழ்கியது. செத்துக்கிடந்த இளவரசனின் வயிறு குலுங்கியது. ராணி அழ அழ, சபை புரண்டு புரண்டு சிரித்தது. கனகசுந்தரம் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? திரையை விலக்கித் தலையை நீட்டி, ஒரு கும்பிடு போட்டார்.

நாடகம் முடிந்து தேத்தண்ணி கொண்டுவந்த, கொழுந்து பறிக்கும் இராக்கம்மா, அவரைப் பார்த்ததும் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"அப்ப மூண்டாந்தரந்தான் உங்களுக்குக் கேட்டதோ?" என்றார் கனகசுந்தரம்.

"மொதத் தரமே கேட்டுச்சுங்க. ரெண்டாந்தரந்தான் நெஞ்சு பதறிப் போச்சு. இந்த ஐயா விட மாட்டேங்குறாரே, தொரைக்கு வெளங்கிருச்சுன்னா நாளைக்கு அம்புட்டுப் பேருக்கும் அரப்பேருதான்னு."

நாடகம் பார்க்கக் கூட வந்து பக்கத்தில் நின்ற சரோஜாதேவிக்குத் தேத்தண்ணி புரையேறியது. கணவர் நாடகத்துக்குப் போகத் தொடங்கிய நாள் முதலாக அவர் சிரித்தது அன்றுதான்.

திரும்பும் லொறியில் பத்மநாதன் மாஸ்டர் குங்குமமும் கொண்டையுமாக உட்கார்ந்திருந்தார். பதுளை நெருங்கியபோது தொண்டையைச் செருமினார்.

"சிரிப்பு வந்தது, கனகர். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஆர் மேடையிலை நிக்கேக்கை வந்தது?"

"நீங்கள் நிக்கேக்கை."

"ஓம். எனக்குள்ளை உப்பிடி ஒண்டு இருக்கெண்டு இவ்வளவு நாளும் எனக்கே தெரியாது. அடுத்த நாடகத்திலை காவலன் நான்."

அடுத்த நாடகத்தில் கனகசுந்தரம் ஈட்டியோடு ஓரமாக நின்றார். பத்மநாதன் மாஸ்டர் ஆடிக்கொண்டு வந்தார்; நிறுத்தினார்; சொன்னார். சபை அமைதியாக இருந்தது. மாஸ்டர் காதோரம் கையை வைத்துப் பின்வரிசையைப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் உரக்க, இரண்டாம் தடவை சொன்னார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது அப்படித்தான் வருகிறது. உங்களுக்கு வராதா? நேற்று இரவு சாப்பிடும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பிறகு நீங்கள் அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னீர்கள். வீட்டுக்காரி சிரித்தாரே, நினைவிருக்கிறதா? நல்லவர். மூன்றாம் தடவை வந்துவிடக் கூடாதே என்றுதான் சிரித்தார்.