பொம்மை எண் நான்கைக் கைவிட்ட குற்றம்

குழந்தை அழுதால் தூக்க வேண்டும் என்று இதுவரை எந்த அதிகாரியும் யாருக்கும் எழுத்துமூலம் தெரிவித்ததில்லை. மக்கள் தாங்களாகவே, எவ்வித முன் அனுமதியும் இன்றி, வெகுகாலமாகத் தூக்கிவந்திருக்கிறார்கள். இந்த அராஜகத்துக்கு முடிவு கட்டவே குழந்தை நலத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. காப்பகங்களில் வேலை செய்கிற எல்லோரும் ‘குழந்தைப் பராமரிப்பு, கல்வி மற்றும் சமூக நலப் பணிகளுக்கான அடிப்படை அறிவு’ என்ற தேர்வில் மாதக் கடைசிக்குள் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு வேலை கிடையாது. தேறும்வரை குழந்தைகளைப் பார்க்கலாம், தொடக் கூடாது.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். எங்கள் காப்பகத்துப் பெற்றோர் சங்கத்தின் செயலாளர் நான். அடுத்த தெருக் காப்பகத்தில் யாரோ ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். எங்கள் காப்பகத்துச் சுவரிலோ குழந்தைகளின் கைரேகைகள்தான் இருந்தன. மானம் போகிறதே என்று, எங்களுக்கும் சான்றிதழ் வேண்டும் எனத் துறைக்கு ஒரு மனு எழுதினேன். முப்பத்திரண்டு பெற்றோர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் காப்பகத்தில் பத்தொன்பது வருஷமாக இருப்பவர் பெரியக்கா. மதியச் சாப்பாடு முடிந்ததும் முப்பத்திரண்டு குழந்தைகளையும் வரிசையாகப் பாயில் போட்டு, இருபது நிமிஷத்தில் தூங்கவைத்துவிடுவார். என் மூன்று வயது மகள் ஒருத்தியைத் தூங்கவைக்க நானும் மனைவியும் ஷிப்ட் போட்டு வேலை பார்த்துத் தோற்றவர்கள். பெரியக்காவுக்கு இந்த வேலையை விட்டால் சோற்றுக்கும் வேறு வழியில்லை, பொழுது போகவும் வழியில்லை.

சுற்றறிக்கை வந்த மறுநாள் மகளை விடப் போனேன். ஒரு குழந்தை மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தது. பெரியக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் எதிரில் உட்கார்ந்து தானும் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் துறை அனுப்பிய பயிற்சியாளர், கையில் தடிமனான புத்தகத்தோடு நின்றிருந்தார். இளம்பெண். அவருக்குச் சான்றிதழ் இருந்தது.

“தூக்குங்களேன்மா” என்றேன்.

“அவசரப்படாதீங்க சார். அழுகை மொத்தம் பதினோரு வகை. இது எதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்.”

“பசிக்குதும்மா அதுக்கு” என்றார் பெரியக்கா.

“அது உங்க அபிப்பிராயம். பசி அழுகைன்னா உதடு துடிக்கணும்.”

“துடிச்சுத் துடிச்சு ஓஞ்சு போச்சே!”

“அப்ப ஏழாவது வகை. களைப்பு அழுகை” என்று குறித்துக்கொண்டார். இதைக் கேட்ட குழந்தை பன்னிரண்டாவது வகை ஒன்றைத் தொடங்கியது. புத்தகத்தில் அதற்கு இடமில்லாததால், அது அழுகையே அல்ல என்று முடிவு செய்யப்பட்டது.

செய்த பாவத்தைக் கழுவ, தினமும் சாயங்காலம் பெரியக்காவுக்கு நானே பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

“குழந்தை கீழ விழுந்தா முதல்ல என்ன செய்யணும்?”

“ஓடிப்போய்த் தூக்கணும், தம்பி.”

“தப்பு. விழுந்த நேரத்தைப் பதிவேட்டுல எழுதணும்.”

“நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள அதுவே எந்திரிச்சு ஓடிப்போயிருக்குமே.”

“அப்ப அதையும் எழுதணும்.”

பெரியக்கா கெட்டிக்காரர். மனசுக்கு எது சரியென்று படுகிறதோ அதற்கு நேர்மாறாக எழுதிவிட்டு வந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மீதி இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும்.

அது துறை அலுவலகத்தின் மாடியில் நடந்தது. துணைக்குப் போன நான் கதவோரம் நின்றேன். நீளமான மேசையில் ரப்பர் பொம்மைகள், கழுத்தில் எண் அட்டையோடு கிடந்தன. மேலதிகாரியே தேர்வு நடத்தினார். பெரியக்காவிடம் பொம்மை எண் நான்கைக் கொடுத்தார்.

“இந்த நிமிஷத்துலருந்து இது பொம்மை இல்ல, குழந்தை. புரியுதாம்மா?”

“இதுக்கு ஒரு கண்ணு இல்லையே சார்.”

“அதைப் பத்திக் கேள்வி கிடையாது.”

பெரியக்கா எண் நான்கைக் குளிப்பாட்டினார், துவட்டினார், துணியில் சுற்றினார். மேலதிகாரி ஒவ்வொன்றுக்கும் குறி போட்டுக்கொண்டே வந்தார். அப்போதுதான் பக்கத்து அறையில் வீல் என்று ஓர் அழுகை கேட்டது.

அது மேலதிகாரியின் எட்டு மாத மகன். அவனுடைய காப்பகத்தில் ஒருவர்கூடத் தேறாததால் அதை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவனை ஆபீசுக்குத் தூக்கிவந்து குமாஸ்தாவிடம் ஒப்படைத்திருந்தார். குமாஸ்தா அவனுக்குக் கோப்புகளைக் காட்டி விளையாட்டுக் காட்டியிருக்கிறார்.

பெரியக்கா பொம்மையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். பொம்மையை மேசையில் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார்.

இரண்டு நிமிஷத்தில் சத்தமே இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது பையன் அவர் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். குமாஸ்தா அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார்.

முடிவை அவர் கிசுகிசுத்தார். குழந்தை விழித்துவிடுமே.

“பொறுப்புல ஒப்படைச்ச குழந்தையை, அதாவது பொம்மை எண் நாலைக் கைவிட்டு ஓடினது, ஒண்ணு. சான்றிதழ் இல்லாம வேறொரு குழந்தையைத் தொட்டது, ரெண்டு. தேறலை.”

“சார், அது உங்க பையன்!”

“மெதுவாப் பேசுங்க சார். யாரா இருந்தா என்ன, விதின்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றவர் பெரியக்காவிடம், “நான் கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரைக்கும் அவனைக் கொஞ்சம் வச்சிருங்கம்மா” என்றார்.

பெரியக்காவுக்கு வேலை போயிற்று. எங்கள் காப்பகத்துச் சுவரில் ஐந்து சான்றிதழ்கள் தொங்கின. என் மகள் மூன்று நாள் தூங்காமல் எங்களையும் தூங்கவிடவில்லை. நான்காம் நாள் காலை, யாருக்கும் தெரியாமல் அவளைப் பெரியக்கா வீட்டுக்குத் தூக்கிப்போனேன். வாசலில் இடுப்பில் பையனோடு மேலதிகாரி நின்றிருந்தார். “இந்தப் பக்கம் தபால் ஆபீஸ் எங்க இருக்கு?” என்று என்னைக் கேட்டார். நானும் அதைத்தான் தேடுவதாகச் சொன்னேன். வாரக் கடைசிக்குள் முப்பத்திரண்டு பெற்றோரும் அங்கே தபால் ஆபீஸ் தேடி வந்துவிட்டார்கள்.

காப்பகத்துக்குத் துறையின் முதல் தரச் சான்று கிடைத்தது. ஒரு மாதமாக அங்கே அழுகை இல்லை, விழுதல் இல்லை, கடி இல்லை என்று பதிவேடு சொன்னது. குழந்தைகளே இல்லை என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

சான்று வந்த வாரத்துத் திங்கட்கிழமை பெரியக்கா தன் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“என்னை வேலையை விட்டுத் தூக்க எழுதிக் கொடுத்தவங்களாச்சே நீங்க. இங்கயும் ஒரு பரீட்சை உண்டு. ஒரே ஒரு கேள்விதான்” என்று ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். “உங்க குழந்தை எதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கும்?”

இதுகூடத் தெரியாதா? ‘என் சுண்டுவிரலை’ என்று பெருமையோடு எழுதினேன். பக்கத்தில் நின்ற மேலதிகாரி என் தாளை எட்டிப் பார்த்து, ‘இவருடைய சுண்டுவிரலை’ என்று எழுதினார்.

“உங்க பொண்ணு தன்னோட இடது காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா தம்பி” என்றார் பெரியக்கா. அத்தனை பேரும் தோற்றோம். குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டார்.

அவமானம் பிடுங்கித் தின்றது. படித்தவர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். ‘பெற்ற குழந்தையைப் பற்றிய அடிப்படை அறிவு’ என்று ஆறு வாரப் பயிற்சி ஒன்றைச் சங்கமே தொடங்கியது. மேலதிகாரி தலைமை ஏற்றார். வகுப்பு தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை. நான் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். கிட்டே போய்ப் பார்க்க நேரமிருக்காது, வீட்டுப்பாடம் கழுத்தைப் பிடிக்கும்.

ஆறு வாரம் கழித்து முதல் வகுப்பில் தேறினேன். சான்றிதழின் மை காய்வதற்குள் பெரியக்கா வீட்டுக்கு ஓடினேன்.

“காது! இடது காது!” என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

பெரியக்கா சான்றிதழை வாங்கி, நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அது போன மாசம், தம்பி. இப்பல்லாம் அவ எதையும் பிடிச்சுக்கிறதில்ல.”