பிஸ்மத் உருகினால் தீ

ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்களைத் தீயிலிருந்து காப்பாற்றியே தீருவது என்று மேலிடம் ஒரு நாள் கருணைகூர்ந்து முடிவு செய்தது. அதுவரை எந்தப் பட்டறையும் எரிந்ததில்லை என்பது அந்த முடிவுக்குத் தடையாகக் கருதப்படவில்லை.

முதல் தெளிப்பானை சுபலட்சுமியின் பட்டறையில் பொருத்த, தீத்தடுப்பு அலுவலர் தனகோடி நேரிலேயே வந்தார். கூரையில் ஒரு தண்ணீர்க் குழாய்; அதன் வாயில் பிஸ்மத் கலந்த சின்ன உலோக அடைப்பு. எழுபது டிகிரி சூட்டில் அது உருகிவிடும், உடனே தண்ணீர் கொட்டித் தீயை அணைக்கும் என்றார். அந்த உலோகத்தின் மேல் சுபலட்சுமிக்கு மரியாதையே வந்துவிட்டது. ஆனால் அதைச் சாயக் கொப்பரைக்கு நேர்மேலே மாட்டச் சொன்னதுதான் உதைத்தது. கொப்பரை நாளெல்லாம் கொதிக்கும், ஆவி மேலே அடிக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அடுப்பு இருக்கும் இடத்தில்தான் தீ வரும், தீ வரும் இடத்தில்தான் தெளிப்பான் இருக்க வேண்டும், விதி அப்படி என்றார் அவர்.

மறுநாள் மத்தியானமே அடைப்பு உருகிவிட்டது. கொடியில் காய்ந்த அரக்குச் சிவப்பு நூல் நனைந்து, பக்கத்து மஞ்சள் நூலில் வழிந்தது. எல்லாம் ஒரு கல்யாணத்துக்கான பட்டு. சுபலட்சுமி அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

தனகோடி வந்து, உருகிய அடைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார்.

"தீ எங்கம்மா?"

"தீயே இல்லீங்க சார். ஆவிதான் வந்துகினு இருக்குது."

"பிஸ்மத் உருகியிருக்கு. தீ இல்லாம அது உருகாது. தீயை எங்க மறைச்சு வெச்சிருக்கீங்க?"

தீயை மறைத்த குற்றத்துக்கு நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம் புதிதாக மாட்டிய அடைப்பும் உருகியதும், 'அடிக்கடி தீப்பிடிக்கும் பட்டறை' என்று வகைப்படுத்தி, இரண்டாவது தெளிப்பானுக்கும் உத்தரவு போட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஜெயப்ரியா வந்தாள். போனில் நேரலையாகப் புடவை விற்பவள். மூலையில் ஒளித்து வைத்திருந்த கறை நூலை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இன்னா டிசைன்க்கா இது?"

"டிசைன் இல்லமா. பேஜாரு."

அந்தப் பேஜாரைத் தறிக்குக் கொடுத்து நெய்யவைத்து 'மழைப்பட்டு' என்று ஜெயப்ரியா பெயர் வைத்தாள். மழைப்பட்டு கட்டாத மணப்பெண்ணைச் சொந்தக்காரர்கள் பாவமாகப் பார்க்கும் காலம் சீக்கிரமே வந்தது. தெளிப்பான் என்றால் ஓடி ஒளிந்த பட்டறைக்காரர்கள் தனகோடியின் வாசலில் வரிசை கட்டினார்கள். எங்கள் பட்டறையும் கட்டாயம் தீப்பிடிக்கும் சார், தயவு பண்ணுங்கள் என்று கெஞ்சினார்கள். தேவிகாபுரத்திலிருந்துகூட சிபாரிசோடு வந்தார்கள்.

ஊர் முழுக்கத் தெளிப்பான் மாட்டியதற்காகத் தனகோடிக்கு விருது கிடைத்தது. விழா மேடையில் பிஸ்மத்தின் பெருமையை விரித்துரைத்தார். பெண்கள் பூசும் பவுடரின் முத்துப் பளபளப்பு அதுதான், வண்டிக்கு அடிக்கும் மஞ்சள் பெயிண்டிலும் அதுதான், நச்சு ஈயத்துக்கு மாற்றாக வந்ததும் அதுதான், தம் வயிற்றுப்புண் மாத்திரையே அதுதான் என்றார். கூட்டம் கைதட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை, மின்கசிவால் சுபலட்சுமியின் பட்டறை நிஜமாகவே பற்றிக்கொண்டது. இரண்டு அடைப்புகளும் ஒழுங்காக உருகின. தண்ணீர்தான் வரவில்லை. அன்று காலையில் நாலு புடவை நூலுக்கு மழை வைத்தே தெளிப்பானின் தண்ணீர்த் தொட்டியை அவள் காலி செய்திருந்தாள். கூரையில் புகை எழுவதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கையிலும் குடம் இல்லை. எல்லோர் கையிலும் நனைக்க வேண்டிய நூல்.

ஆளுக்குச் சேதமில்லை, பாதிப் பட்டறை போயிற்று. தனகோடி சாம்பலைச் சுற்றி வந்து அறிக்கை எழுதினார். அடைப்புகள் உரிய சூட்டில் உருகியதால் பாதுகாப்பு ஏற்பாடு முழு வெற்றி. தண்ணீர் இவ்வலுவலகத்தின் வரம்பில் வராது.

அவர் போன பிறகு ஜெயப்ரியா வந்தாள். துக்கம் விசாரித்தாள். விசாரித்துக்கொண்டே, புகையேறிப் பழுப்பாகிப் போன ஒரு நூல்கட்டைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கலரு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

சுபலட்சுமி வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள்.

"எந்த முகூர்த்தத்துக்குமா வேணும்?" என்றுதான் வந்தது.