சுமியேவின் பித்தப்பையும் அரைக் கட்டிச் சோப்பும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் குராஷிமா எய்கிச்சி அவர்களுக்கு, அமகசாகியிலிருந்து தெய்சோ பணிவுடன் எழுதுவது.

மழைக்காலம் ஓய்ந்து, சில்வண்டுகள் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கிவிட்டன. அகிதாவில் தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். தாங்கள் அன்போடு அனுப்பிய புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்தது. தங்கள் தங்கைக்கு இப்போது அது ஆகாது என்பதால் முழுவதையும் நானே கஷ்டப்பட்டுத் தின்று தீர்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் சுமியேவுக்குப் போன் செய்து, அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அண்ணன் என்ற முறையில் ஓர் அதட்டல் போடவேண்டும். நான் சொன்னால் அவள் கேட்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்தே கேட்டதில்லை. அது தங்களுக்கும் தெரியும், தெரிந்துதான் கட்டிக்கொடுத்தீர்கள்.

குளிர்காலத்தில் அவள் பித்தப்பையில் கல் அடைத்துச் சீழ் பிடித்ததும், இதயம் பலவீனமாக இருப்பதால் அறுத்து எடுக்க முடியாது என்று விலாப்பக்கம் ஒரு குழாயைச் செருகிப் பித்தநீரை வெளியே ஒரு பையில் வடியவிட்டதும் தாங்கள் அறிந்ததே. அன்றிலிருந்து அந்தப் பை என் பொறுப்பு. காலையில் காலி செய்வது நான், நிறம் பார்ப்பது நான், அவளுடைய பழைய பருத்திக் கிமோனோவை வெட்டி அதற்கு உறை தைத்ததும் நான், தையல் கோணல் என்று பேச்சு வாங்கியதும் நான். கடைவீதிக்குப் போனால் அவள் முன்னே, பையைப் பிடித்தபடி நான் பின்னே. ஒருநாள் பொரித்த உருளைக்கிழங்கு வாசனைக்கு நான் நின்றுவிட, அவள் பாட்டுக்கு நடந்துவிட, குழாய் இழுபட்டு அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரரே பயந்துபோய் எனக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்.

இப்போது மினகவா என்றொரு டாக்டரம்மா வந்திருக்கிறார். வாய்வழியாக ஒரு குழாய்க் கேமராவை இரைப்பைக்குள் விடுவார்களாம், அதன் நுனியில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்கேன் இருக்கிறதாம், இரைப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் பித்தப்பை எங்கே இருக்கிறதென்று அது காட்டிக்கொடுக்குமாம், அங்கிருந்தே குத்தி இரண்டுக்கும் நடுவில் ஸ்டென்ட் என்கிற சின்ன உலோகக் குழாயை வைத்துவிட்டால் பித்தநீர் உள்ளுக்குள்ளேயே இறங்கிவிடுமாம், வெளியே பை வேண்டாமாம். சாப்பிடுகிற நூடுல்ஸ் அதற்குள் போய்விடாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், சிலருக்கு உணவு போய் அடைப்பதுண்டு, கவனித்துக்கொள்வோம் என்று நிதானமாகச் சொல்கிறார். நழுவிவிட்டால்? இரண்டு முனையும் விரிந்திருக்கும், பெரும்பாலும் நழுவாது என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என் தூக்கத்தைக் கொண்டுபோய்விட்டது, மச்சான்.

இவளோ யோசிக்கவே இல்லை, அங்கேயே சரி என்றுவிட்டாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "எனக்குக் கழுத்து வரைக்கும் வெந்நீர்ல முங்கணுங்க. இந்தப் பையைக் கட்டிக்கிட்டு நூறு வயசு இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?" என்கிறாள்.

எல்லாம் தெருமுனைப் பொது வெந்நீர்க் குளியல்கூடத்துக்காக. தினம் சாயங்காலம் இரண்டு பேருமாகப் போவோம். பெண்கள் பக்கத்திலிருந்து, கூரையை எட்டாத நடுச்சுவருக்கு மேலாக, காதுக்குப் பின்னால் தேய்த்தீர்களா, நான் கிளம்பப் போகிறேன் என்று அவள் கத்துவாள். என் பக்கத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். குளிர்காலத்திலிருந்து நான் தனியாத்தான் போறேன். ரொம்ப அமைதியா இருக்கு. அந்த அமைதி எனக்குப் புடிக்கல மச்சான். அது அப்படியே நிலைச்சுப் போயிட்டா நான் என்ன செய்வேன்? பை தொந்தரவுதான், ஆனா காலைல அதுல பித்தநீர் இருக்குன்னா அவ இருக்கான்னு அர்த்தம். அதனால கையைப் புடிச்சுக் கேட்டுக்கிறேன், அவளைத் தடுத்துடுங்க.

இந்தக் கோடை தங்களை வாட்டாமல் விடட்டும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம்.

தங்கள் பணிவுள்ள,
தெய்சோ

பி.கு.: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். தபாலில் போடப் புறப்பட்ட நேரத்தில் அவள் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்; கடிதம் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. உள்ளே ஸ்டென்ட் வைக்கும்வரை அந்தக் கோணல் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லபடியாக முடிந்தது. பிறகு வெளிக்குழாயையும் எடுத்தார்கள். புண் ஆறி, டாக்டரம்மா அனுமதி தந்து, நேற்றுச் சாயங்காலம் குளியல்கூடத்துக்குப் போனோம். தண்ணீரில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தண்ணீருக்குள்ளேயே நடுச்சுவரோரமாக நகர்ந்தேன். அப்போது, "ஏங்க, சோப்பு மறந்துட்டீங்கல்ல? எறியறேன், புடிங்க" என்று அவள் குரல், கூடவே அரைக் கட்டிச் சோப்பு பறந்து வந்து என் மண்டையில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சோப்புதான் காரணம் என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். தங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அதட்ட வேண்டாம், சும்மா பேசுவதற்குப் போன் செய்யுங்கள். சாயங்காலம் மட்டும் வேண்டாம், வீட்டில் இருக்கமாட்டோம்.