கறி ஆறிப்போன வாழ்த்து

இனி இந்த உலகத்தில் எவனுக்கும் தலை வணங்குவதில்லை என்று எசென்பெக் முடிவு செய்தபோது அவன் தலை சோபாவுக்கு அடியில் இருந்தது. போன் அங்கே போய் ஒளிந்துகொண்டிருந்தது. அதை வீசியவனும் அவன்தான். வீச வைத்தது ஒரு மூன்று நட்சத்திரம்.

காரகோல் ஊரில் ஒரு விருந்து என்றால் வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பாவில் தொடங்கி மாப்பிள்ளைக்குப் பல் பிடுங்கிய டாக்டர் வரை யாரும் தப்பிக்க முடியாது. பந்தியில் சண்டை போடச் சொன்னால் போடுவார்கள். வாழ்த்துச் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் இணையச் சந்தைக்குப் போய் எசென்பெக்கிடம் வாழ்த்து வாங்குவார்கள். கல்யாணம், தொட்டில், சுன்னத்து, புது வீடு, புது டிராக்டர், எதுவானாலும் எழுதிக் கொடுப்பான்.

அவனுடைய இணையப் பக்கத்தில் அதுவரை ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்து யாரும் போட்டதில்லை. ‘அழுதுவிட்டோம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘எங்கள் மாமா அழுதார், பிறகு மைக்கைக் கேட்டு வாங்கி மறுபடியும் அழுதார்’ என்று இன்னொருவர். பெயருக்குப் பக்கத்தில் தங்கப் பதக்கம் மின்னியது. அந்தப் பதக்கத்தை நம்பித்தான் மின்வாரிய ஆபீஸ் வேலையை விட்டான். ராஜினாமாக் கடிதத்தைக்கூட எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்தான்.

இப்போது ‘ஏரிக்கரை’ என்ற பெயரில் யாரோ ஒரு புண்ணியவதி எழுதிவிட்டாள்:

‘மாப்பிள்ளையின் அத்தை புது மருமகளுக்குச் சொல்லும் வாழ்த்து வாங்கினேன். நீளம். படித்து முடிப்பதற்குள் குதிரைக்கறி ஆறிவிட்டது. மருமகளுக்கு ஏழு வேலை சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு ஒன்றும் இல்லை. மூன்று நட்சத்திரம்.’

“புருல்!” என்று சோபாவுக்கு அடியிலிருந்தே கத்தினான். “என் பொழைப்புல மண்ணு விழுந்துடுச்சு!”

அவன் மனைவி புருல் கையில் மாவோடு எட்டிப் பார்த்தாள். “மண்ணு இல்லீங்க, அது தூசி. அந்தப் பக்கம் பெருக்கி நாளாச்சு.”

“மூணு ஸ்டார் போட்டிருக்கா ஒருத்தி!”

“மூணா? நல்லதுதான் விடுங்க. எல்லாரும் அஞ்சு போட்டா கண்ணு பட்டுடாதா? கொழந்தை நெத்தியில கரி வைக்கிறோமில்ல, அந்த மாதிரி வச்சுக்கோங்க.”

“நான் கொழந்தையா?”

புருல் மாவைப் பிசையப் போய்விட்டாள்.

அவள் சிரித்துவிட்டுப் போகலாம். அவனால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தளம் நட்சத்திரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும். பதக்கம் போனால் பெயர் நாலாம் பக்கத்துக்குப் போய்விடும். நாலாம் பக்கம் வரை தேடிப்போய் வாழ்த்து வாங்கும் பொறுமை எந்தச் சித்தப்பாவுக்கும் கிடையாது. அதற்கப்புறம் எசென்பெக்குக்கு ஒரே கதி மச்சான் மைராம்பெக்கின் டயர் கடை. மச்சான் போன வருஷமே அவனுக்காக ஒரு நீல அங்கி வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம், “அத்தான், அங்கி காத்துக்கிட்டிருக்கு” என்பான். 

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷார்ஷென் தேநீர் குடிக்க வந்தார். சாப்பாட்டு ராமர். கறி ஆறினால் கண் கலங்குகிற ஆள். பெண் மாதிரி எழுதியது இவர்தானோ என்று எசென்பெக்குக்குச் சந்தேகம் தட்டியது.

“ஷார்ஷென் அண்ணே, நேராவே கேக்கறேன். ஏரிக்கரைங்கிற பேர்ல எழுதினது நீங்கதானே?”

“நானா? நான் அத்தை வாழ்த்து வாங்கி என்னடா பண்ண? நான் வாங்கினது தொட்டில் வாழ்த்து. அஞ்சு ஸ்டார் போட்டேன்.”

“மனசாரப் போட்டீங்களா?”

“போட்டேன். ஆனா கேக்கறியேன்னு சொல்றேன், நீளம்தான். நான் வாழ்த்தை ஆரம்பிக்கும்போது தொட்டில்ல தூங்கின கொழந்தை, முடிக்கும்போது எந்திரிச்சு உக்காந்திருந்துச்சு.”

எசென்பெக் கெண்டியை எடுத்து அவர் கிண்ணத்தில் ஊற்றினான். பாதி ஊற்றுவதுதான் மரியாதை. அவன் விளிம்பு வரை ஊற்றினான். ஷார்ஷென் கிண்ணத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தொப்பியைத் தேடினார்.

“தளும்பத் தளும்ப ஊத்தறியா? கெளம்புங்கறியா? எங்கப்பன் காலத்துலேருந்து இந்த வீட்டுல டீ குடிக்கறோம். ஒருத்தன்கூட முழுக் கிண்ணம் ஊத்தினதில்லடா!”

“அண்ணே, அவருக்குக் கை தவறிடுச்சு, உக்காருங்க” என்று புருல் ஓடி வந்தாள்.

“கை தவறல, மனசு அறிஞ்சுதான் ஊத்தினேன்” என்றான் எசென்பெக். வீரம் வந்துவிட்டால் அவனுக்கு நேரம் காலம் தெரியாது.

ஷார்ஷென் போன சூட்டோடு எசென்பெக் போனை எடுத்தான். ஊரறிய, அந்த விமர்சனத்துக்குக் கீழேயே பதில் எழுதினான்: ‘கறி ஆறியதற்குக் கவிஞன் பொறுப்பல்ல. அடுப்புதான் பொறுப்பு. என் எழுத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன்!’ ஆச்சரியக்குறி போட்டதும் நெஞ்சு அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் வினையாகியிருந்தது. அவன் பதிலைப் படிக்க வந்த கூட்டம் ஏரிக்கரையின் விமர்சனத்தைப் படித்துவிட்டு, ‘பயனுள்ளது’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். ‘இப்போதுதான் ஞாபகம் வருகிறது, எங்கள் விருந்திலும் கறி ஆறியது.’ ‘எங்களுக்குச் சூப் உறைந்துவிட்டது.’ மாமா இரண்டு தடவை அழுதார் என்று எழுதியவர் வந்து, மாமா அழுதது பசியில் என்று திருத்திவிட்டுப் போனார்.

எசென்பெக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஏரிக்கரைக்குத் தனிச் செய்தி அனுப்பினான். கெஞ்சவில்லை. கெஞ்சுகிற வேலையை நிமிர்ந்து உட்கார்ந்து செய்தான், அவ்வளவுதான்.

‘அம்மா, நான் யாருக்கும் பணிகிறவன் அல்ல. ஆனாலும் பெருந்தன்மையாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நட்சத்திரத்தைத் திருத்த முடியுமா? உங்களைக் குறை சொல்லவில்லை. என் மனைவியும் உங்களைப் போலத்தான். நல்லவள். கலையறிவு மட்டும் கிடையாது.’

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. சற்று நேரத்தில் பதில் வந்தது.

‘அப்படியா? பாவம் நீங்கள். எப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்களோ. ஒன்று செய்யுங்கள். விடியுமுன் எழு, பால் கற, அடுப்பு மூட்டு, கம்பளம் உதறு என்றெல்லாம் மருமகளுக்கு அடுக்கியிருக்கிறீர்களே, அதில் ஒரு வேலையை நீங்கள் செய்து படம் அனுப்புங்கள். செய்த கையோடு வாழ்த்தைத் திருத்தி எழுதுங்கள். ஐந்து தருகிறேன்.’

‘முடியாது’ என்று எசென்பெக் எழுதினான். ஆணியில் தொங்கும் நீல அங்கி கண் முன்னால் வந்தது. ‘முடியாது’ என்பதை அழித்தான். ‘எந்த வேலை என்பதை நான்தான் தேர்ந்தெடுப்பேன்’ என்று எழுதி அனுப்பினான். இதிலாவது தன் இஷ்டம் நடந்ததே என்று அவனுக்கு ஒரு திருப்தி.

அன்றைக்குத்தான் அந்த வருஷத்தின் முதல் பனி முழங்கால் அளவுக்கு விழுந்திருந்தது. முதல் பனி விழுந்தால் ஊரில் எல்லா வீட்டுப் பெண்களும் கம்பளத்தை முற்றத்துக்கு இழுத்துப்போய்ப் பனியில் கவிழ்த்துப் போட்டு அடிப்பார்கள். எசென்பெக் வருஷா வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். பார்க்கச் சுலபமாக இருக்கும். அதையே தேர்ந்தெடுத்தான்.

கம்பளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது புருல் எதிரே வந்தாள்.

“என்னங்க இது? வீட்டை விட்டுப் போறீங்களா?”

“உதறப் போறேன்.”

“ஏன், என்ன ஆச்சு உங்களுக்கு? காய்ச்சலா?”

“எனக்காத் தோணிச்சு. நான் யார் சொல்லியும் செய்யறவன் இல்லேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன. தலையை நிமிர்த்திக்கிட்டே போங்க, நிலைப்படி இடிக்கும்.”

இடித்தது.

முட்டி போட்டு அடித்தான். நின்று அடித்தான். நனைந்த கம்பளம் இரண்டு ஆள் கனம் கனத்தது. அதைப் புரட்டிப் போட்டபோது அது அவனைப் புரட்டிப் போட்டது. பனி காலருக்குள் போய் முதுகு வழியாக இறங்கியது. புருலின் கைகள் குளிர்காலம் முழுக்க வெடித்துக் கிடப்பது ஏன் என்று அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததில் அவனுக்கே கோபம். இன்னும் பலமாக அடித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஷார்ஷென் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “மூலையை விட்டுட்டியே” என்று அவர் சொன்ன பிறகுதான் அவருடைய தேநீர்க் கோபம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

“புருல், ஒரு படம் எடேன்!”

“கையெல்லாம் மாவுங்க!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மூக்கு சிவந்த தன் முகத்தைத் தானே படம் எடுத்து அனுப்பினான். உடனே பதில் வந்தது. ‘முகம்தான் தெரிகிறது. கம்பளம் எங்கே? பெரிய சிவப்புக் கம்பளத்தை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே.’

எங்கள் வீட்டில் பெரிய சிவப்புக் கம்பளம் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தான். எல்லார் வீட்டிலும்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டான். அதையும் இழுத்து வந்து அடித்தான்.

திருத்திய வாழ்த்தை எழுத உட்கார்ந்தபோது விரல் மடங்கவில்லை. இடுப்பு நிமிரவில்லை. அதனால் வாழ்த்தும் நீளவில்லை.

‘மகளே, வா. வந்து உட்கார். கறி சூடாக இருக்கிறது, முதலில் சாப்பிடு. மருமகனே, பனி விழுந்திருக்கிறது. நீ எழுந்து கம்பளத்தை எடு.’

படித்துப் பார்த்தான். நன்றாக இருந்தது. அதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

ஞாயிறு காலை போன் மணியடித்தது. தங்கப் பதக்கம் இருந்த இடத்திலேயே மின்னியது. எசென்பெக் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பெரிய மனிதர்கள் நல்ல செய்தியை அப்படித்தான் படிப்பார்கள்.

‘ஐந்து நட்சத்திரம். சொன்னதைக் கேட்கிறார். முணுமுணுக்காமல் செய்கிறார். கம்பளம் பளிச்சென்று இருக்கிறது, மூலையெல்லாம் உதறியிருக்கிறார். வாழ்த்தும் பரவாயில்லை.’

கீழே ஒரு படம். பனியில் மண்டியிட்டு எசென்பெக் சிவப்புக் கம்பளத்தோடு மல்லுக்கட்டுகிறான். அது அவன் அனுப்பிய படம் இல்லை. மேலிருந்து எடுத்தது. படத்தின் ஓரத்தில் ஒரு பூந்தொட்டியும் ஒரு கெண்டியின் மூக்கும் தெரிந்தன. எசென்பெக் மெல்லத் திரும்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். தொட்டி இருந்தது. கெண்டி இருந்தது. புருலும் இருந்தாள்.

“நீயா?”

“நான்தான்.”

“கட்டின புருஷனுக்கு மூணு ஸ்டாரா?”

“பாலிக்சி ஊர்ல என் பெரிய தம்பி மகன் கல்யாணம். ஒரு வாழ்த்து எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். ‘வீட்டு ஆர்டர் எடுக்கறதில்ல, வரிசையில வா’ன்னீங்க. கல்யாணத்துக்கும் வரல, சீசன்னீங்க. வரிசையில வந்து, காசு குடுத்து வாங்கினேன். அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு படிச்சேங்க. பாதியில எங்க அண்ணி கறித் தட்டைத் தொட்டுப் பாக்கறா. அந்தப் பொண்ணு, வந்து ஒரு நாள்கூட ஆகல, அவளுக்கு நான் ஏழு வேலை சொல்லிட்டு உக்காந்தேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே… எனக்கு அழுகையே வந்துடுச்சு. உங்ககிட்ட வீட்டுல சொன்னா காதுல வாங்குவீங்களா? ஸ்டார்ல சொன்னாத்தானே கேக்கறீங்க.”

எசென்பெக் குரலை உயர்த்தினான்.

“அதுக்காக ஊரறிய மானத்தை வாங்கறதா?”

“கலையறிவு கெடையாதுன்னு எழுதினீங்களே, அது யாரு மானம்?”

“அது… பொதுவாச் சொன்னது.”

“நானும் பொதுவாத்தான் போட்டேன். எல்லாரும் பாக்கற மாதிரி.”

“இதோ பார் புருல். கம்பளத்தை நான் என் இஷ்டத்துக்குத்தான் உதறினேன். இனிமே எவ சொன்னாலும், நீயே சொன்னாலும், என் கை ஒரு கம்பளத்தைத் தொடாது! பதக்கம் தப்பிச்சாச்சு. நான் கவிஞன். வாழ்த்து எழுதறவன்!”

போன் மணியடித்தது. அடுத்தடுத்து அடித்தது. பதக்கத்தின் மகிமை என்று சொல்லிக்கொண்டே எசென்பெக் கம்பீரமாகத் திறந்தான்.

‘வாழ்த்து வேண்டாம். கம்பளம் இருக்கிறது. எப்போது வருவீர்கள்?’

அடுத்ததும் கம்பளம். அதற்கடுத்தது கம்பளமும் இரண்டு மெத்தையும்.

“முடியாதுன்னு போடறேன் பாரு. எல்லாத்துக்கும் முடியாதுன்னே போடறேன்!” என்று அவன் விரலை ஓங்கினான்.

புருல் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், மரியாதையாகப் பாதிக் கிண்ணம்.

“போடுங்க. வந்த ஆர்டரை வேண்டாம்னா ஸ்டார் கொறையுமாம்.”