ஓட்டை விழாத அட்டை

எங்கள் தெருவில் பேய்க்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். போலீசுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். கட்டின பெண்டாட்டிக்குப் பயப்படாதவர்கூட ஒருவர் இருந்தார். ஆனால் கத்திரி நைனா கையில் ஒரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்று, "இந்தாபா, உனக்குன்னு செஞ்சேன்" என்று நீட்டும்போது தொண்டை உலராத ஆளை நான் காஞ்சிபுரத்தில் பார்த்ததில்லை.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை கிடைத்து, நானும் என் மனைவி சரோஜாவும் பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்ற தறிக்காரரின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். எதிரே ஒற்றை அறையில் நைனா. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஒல்லி உடம்பு, காது வரைக்கும் புருவம், இடுப்பில் எந்நேரமும் ஒரு கத்திரி. நம்மோடு பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். தோள், இடுப்பு, முழங்கால் என்று ஓரமாகவே கண் போகும். கண்ணாலேயே நம்மைச் சுற்றி வெட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

அவர் தொழில் காகிதப் பொம்மை. கருட சேவைக் கூட்டத்தில் கடை போட்டுக் கிளி, தாமரை, ஆடும் குதிரை எல்லாம் விற்பார். அதில் ஒன்றும் பயமில்லை. மிச்ச நாட்களில் தெருக்காரர்களைப் பொம்மையாகச் செய்து, கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று கேட்காமலே பரிசு கொடுப்பார். அதில்தான் வினையே இருந்தது.

பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து சரம் சரமாகத் தடித்த அட்டைகள் தொங்கும். அட்டையில் எங்கே ஓட்டையோ அங்கே பாவு நூல் எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. அப்படி எழும்பி எழும்பித்தான் புடவையில் மயிலும் மாங்காயும் வருகின்றன. டிசைன் பழசாகிவிட்டால் அட்டை குப்பைக்குப் போகும். குப்பைக்குப் போனதெல்லாம் நைனாவிடம் போகும். அதை வெட்டி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, கலர் காகிதத்தில் உடுப்பு போட்டு, துண்டு ஜரிகையில் கரை வைத்துவிட்டால் ஆள் தயார். சாயல் அப்படியே இருக்கும். உடம்பெல்லாம் அங்கங்கே ஓட்டையும் இருக்கும்.

முதலில் மாட்டியவர் ஏகாம்பரம். அவருடைய பொம்மைக்கு வலது முழங்காலில் ஓட்டை. அந்த வாரமே அவருடைய வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. காலமெல்லாம் தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற மனுஷனுக்கு முழங்கால் வீங்காமல் மூக்கா வீங்கும்? ஆனால் அவருடைய மனைவி கன்னியம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"ஓட்ட எங்க இருக்குதோ அங்கதானேம்மா எழும்பும்? தறியில நூலு எழும்புது, மனுசனுக்கு நோவு எழும்புது!"

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். தெருவே அட்டை பார்த்து நெய்து சோறு தின்கிற ஊரில் யார் சிரிப்பார்கள்? அடுத்து பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். பொம்மைக்கு உச்சந்தலையில் ஓட்டை. அவருக்கு உச்சந்தலையில் கட்டி. அதற்கடுத்து ஒரு ஜவுளிக்கடை முதலாளி. பொம்மையின் சட்டைப் பையில் சரியாக ஒரு ஓட்டை. கருட சேவைக் கூட்டத்தில் அவர் பையை எவனோ அடித்துக்கொண்டு போனான். இதற்கு மேலும் ஆதாரம் கேட்பவன் மனுஷனே இல்லை என்று தெரு முடிவு செய்தது.

வேண்டாம் என்று மறுக்கவும் வழியில்லை. மறுத்தால் பொம்மை அவர் அறையிலேயே தொங்கும். நம் முழங்கால் அடுத்தவர் வீட்டில் தொங்குவதைவிட நம் வீட்டில் தொங்குவது மேல் இல்லையா? பல்லைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள். அவர் தலை மறைந்ததும் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓட்டை ஓட்டையாக அடைப்பார்கள். ஹெட்மாஸ்டர் வீட்டில் பொம்மையின் தலைக்கு ஒரு கவளமே செலவானதாகச் சொன்னார்கள்.

ஒருநாள் பட்டப்பகலில் ஏகாம்பரமும் நானும் அந்த அறைக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. நைனா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிர் கிர் என்று எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். விட்டத்திலிருந்து நூல் நூலாகப் பொம்மைகள் தொங்கின. வாங்க மறுத்தவர்களும் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களுமாகப் பாதி தெருவை அங்கே பார்க்கலாம். ஜன்னல் வெயில் ஓட்டைகள் வழியாக நுழைந்து, சுவரெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வாசல்படியில் கால் வைத்தோம். பொம்மைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி எங்களைப் பார்த்தன.

நைனா திரும்பாமலே சொன்னார்: "ஏகாம்பரம், கால் நோவோட ஏன்பா நிக்கிறே? உக்காரு."

"என்னியா சொல்றே நைனா?" என்றார் ஏகாம்பரம்.

"நீயும் வந்துக்கினியா?" என்று நைனா அப்போதுதான் திரும்பினார். அதுவரைக்கும் விட்டத்தில் தொங்கிய ஏகாம்பரத்தோடுதான் அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். காற்றில்தான் பொம்மைகள் திரும்பியிருக்க வேண்டும் என்று நான் வெளியே பார்த்தேன். வாசல் வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பொம்மைகளுக்குத் தெருவிலேயே அதிகம் பயந்தவர் நைனாதான். பயந்தால் செய்யாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். "கை கேக்க மாட்டேங்குதுபா. ஆளப் பாத்துட்டா வெட்டாம தூக்கம் வர்ல" என்றார். அவருக்கு நோய் என்றால் நடுக்கம். யாராவது தும்மினால் எதிர்த் திண்ணைக்குத் தாவுகிற ஜாதி. சுவர் ஆணியில் ஒரு பட்டுத்துணி மூட்டை தொங்கிற்று. அதை அவிழ்த்து எங்களுக்கு மட்டும் காட்டினார். உள்ளே ஓட்டை அடிக்காத புது அட்டைகள். அட்டை அடிக்கிறவர் ஒருவர் தொழிலை விட்டுப் போகும்போது கொடுத்தது.

"இது எனக்குபா. கண்ணு மங்கறதுக்குள்ள என்னையே செஞ்சிக்குவேன். ஒரு ஓட்ட இருக்காது. எமன் வந்தாக்கூட எதுல நொழைவான்?"

சொல்லிவிட்டு மூட்டையைக் குழந்தையைப் போலக் கட்டி ஆணியில் மாட்டினார்.

அந்த வருஷம்தான் சரோஜா முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. மூன்றாவது மாதம், ஐந்தாவது மாதம் என்று ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினோம். எனக்கு அச்சாபீசில் எழுத்து ஓடவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையும் மாமனாரும் இடம் மாறிப்போனார்கள். இந்தக் குழந்தையும் இல்லையென்றால் சரோஜா என்ன ஆவாள் என்ற நினைப்பு ஒன்றுதான் எனக்கு.

வளைகாப்பு அன்று முசரவாக்கத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். பெண்கள் கூட்டம், வளையல் சத்தம். வாசலில் நைனா. கையில் பொட்டலம்.

கன்னியம்மா ஓடிப்போய் வழியை மறித்து, "அத இங்க குடு நைனா, நான் வச்சிக்கிறேன்" என்றாள். சரோஜா அதற்குள் கையை நீட்டிவிட்டாள். பிரித்தால், மாசமாக இருக்கும் சரோஜா. மஞ்சள் புடவை, ஜரிகைக் கரை, சாய்ந்த கழுத்து. பெண்கள் பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தலையிலிருந்து கால் வரை தேடினார்கள். ஓர் ஓட்டைகூட இல்லை.

நான் பெருமூச்சு விட்டேன். நான் தறிக்காரன் இல்லை அல்லவா? கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, வெறும் அட்டையாச்சே! வெறும் அட்டையில எதுவும் எழும்பாதேம்மா!"

சரோஜாவின் கையிலிருந்து பொம்மை நழுவியது. அன்று மாலையிலிருந்து அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. "கொழந்த அசைய மாட்டேங்குது" என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நைனாவிடம் போனேன். நான்கு கேள்வி நறுக்கென்று கேட்பதாகத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் கண் முதலில் ஆணிக்குப் போயிற்று. பட்டுத்துணி மட்டும் மடித்துத் தொங்கியது. மூட்டை இல்லை.

"நைனா, உனக்குன்னு வச்சிருந்தியே..."

"எனக்கு இன்னாபா அவசரம்? ரெண்டு தபா அழுத பொண்ணு. அதோட ஒடம்புல ஓட்ட போட மனசு வர்ல."

நான் கன்னியம்மா சொன்னதைச் சொன்னேன். மனுஷர் முகம் பசை மாதிரி வெளுத்துவிட்டது. இது அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னாலேயே வந்த ஏகாம்பரமும் கன்னியம்மாவும் அங்கேயே பஞ்சாயத்தைத் தொடங்கினார்கள்.

"வவுத்துல ஒரு ஓட்ட போட்டுடு நைனா, புள்ள எழும்பிக்கும்" என்றாள் கன்னியம்மா.

"வவுத்துல போட்டா வவுத்து நோவு வருமேடீ" என்றார் ஏகாம்பரம்.

"புள்ள பெக்கறதே வவுத்து நோவுதான்யா!"

"அப்ப கால்ல போடலாம்."

"உன் காலு மாதிரி ஆவறதுக்கா?"

தலைக்கு மேலே இருவருடைய பொம்மைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தன. நைனா உளியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில், "எங்கிட்டயே இருக்கட்டும்பா. யோசிக்கணும்" என்று பொம்மையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன்பின் அந்த அறையில் கத்திரிச் சத்தமே கேட்கவில்லை. மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு அதன் உடம்பில் விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். தாண்டிப் போகிறவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

சரோஜாவுக்கு ஒரு விடிகாலையில் வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். காலை போய் மதியம் ஆயிற்று. நர்சம்மா வந்து, "ரொம்ப சோந்துட்டாங்க. முக்க மாட்டேங்கிறாங்க. பயப்படறாங்க போலக்குது" என்றார். மாமியார் எல்லா சாமியையும் கூப்பிட்டு முடித்து மறுபடி முதல் சாமிக்கு வந்திருந்தார். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வாசலில் நைனா வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பக்கத்துத் தெருவுக்கே போகாத மனுஷர். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. வராந்தாவில் இருந்த நோயாளிகள் அவரைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

நேரே என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தார். மடியிலிருந்து சரோஜா பொம்மையை எடுத்தார். அதன் இடுப்பில் இப்போது விரலளவு ஒரு குட்டிப் பொம்மை இருந்தது. மிச்சமிருந்த வெறும் அட்டையில் வெட்டிய குழந்தை.

"எங்க போட்டா ஒருத்தருக்கும் நோவாதுன்னு யோசிச்சிக்கினே இருந்தேன்பா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இந்தா, கன்னம். கன்னத்துல இன்னா எழும்பும்? சிரிப்புதானே?"

குழந்தையின் இடது கன்னத்தில் உளியை வைத்தார். குட்டிச் சுத்தியால் ஒரு தட்டு.

டக்.

உள்ளே குழந்தை வீறிட்டது.

நான் படித்தவன்தான். அந்த நேரத்துக்கு அந்தக் குழந்தை எப்படியும் பிறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வராந்தாவில் என் கை மயிர் சிலிர்த்து நின்றதும் எனக்குத் தெரியும். நர்சம்மா, "பொண்ணு! ரெண்டு பேரும் சொகம்" என்று சொல்லி முடித்தபோது திரும்பிப் பார்த்தேன். நைனா துண்டை அவிழ்த்து முகத்தில் அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரித் தரை என்பதையும் மறந்து, குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

பிறகு அவர் தன்னையும் ஒரு பொம்மையாகச் செய்துகொண்டார். வெறும் அட்டைதான் தீர்ந்துவிட்டதே. ஏகாம்பரம் தறியிலிருந்து கழித்த பழைய அட்டையில்தான் செய்தார். தலை முதல் கால் வரை சல்லடை மாதிரி ஓட்டை. தெருவே பதறிப்போய்ப் பருக்கையோடு வந்தது. நைனா ஒன்றையும் அடைக்க விடவில்லை.

"இருக்கட்டும்பா. எதுல நொழையறதுன்னு எமனே கொஞ்ச நேரம் கொழம்பட்டும்."

எமன் ரொம்ப காலம் குழம்பினான். என் மகள் பள்ளிக்கூடம் போய், பாவாடை தாவணி கட்டி, அவருடைய திருவிழாக் கடையில் கிளி விற்றுக் கொடுக்கிற வயசு வரைக்கும் நைனா இருந்தார். ஒருநாள் மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். எந்த இடத்திலும் நோவு இல்லை.

என் மகள் பிறந்து சில வாரங்கள் கழித்து, முதல் முறையாக அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழுந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் கன்னத்தில் குழி கிடையாது. சரோஜா அவளை அப்படியே அள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள். நைனா எட்ட நின்றே பார்த்தார். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. பிறகு மெல்லக் கிட்டே வந்து, ஒரு விரலால் அந்தக் குழியைத் தொட்டு, "சரியான எடத்துலதான் போட்டுக்கீறேன்" என்றார்.

இப்போது மகளுக்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் முதலில் அந்தக் கன்னத்தைத்தான் பார்க்கிறேன். என் நைனா அங்கே இருக்கிறார்.